கை நனைக்காதவள்

எங்கள் வீட்டு நடு மருமகளின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அதையும் ஞாபகம் வைத்துக்கொள்வாள். அவள் குடும்பத்தோடு ஓசூர்ப் பக்கம் போய்ச் சில வருஷங்களாகின்றன. ஆனாலும் அவள் ஞாபகத்துக்கு ஊர் தூரமெல்லாம் ஒரு கணக்கே இல்லை.

நாங்கள் மூன்று ஓரகத்திகள். பெரிய அக்கா விழுப்புரத்தில். நடு அக்காவும் நானும் அப்போது திண்டிவனத்தில் ஒரே தெருவில் எதிரெதிர் வீடு. நான் கடைசி. எங்கள் வீட்டில் கடைசி மருமகளுக்கு வாய் கிடையாது, காது மட்டும்தான். அந்தக் காதில் விழுந்ததையும் கண்ணில் பட்டதையும்தான் சொல்கிறேன்.

யார் என்ன செய்தாலும் அளவு குறையாமல் திருப்பிக் கொடுத்துவிடுவாள் நடு அக்கா. நல்லதற்கும் அப்படித்தான். நான் கல்யாணமாகி வந்த புதிதில் ஒருநாள் அவளுக்குத் தலைவலி என்று தைலம் தேய்த்துவிட்டேன். நான் பிரசவத்துக்கு முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் பஸ் ஏறி வந்து என் தலையை வாரிப் பின்னிவிட்டுப் போனாள். எதற்கு அக்கா இவ்வளவு அலைச்சல் என்று கேட்டால், நீ அன்றைக்குத் தைலம் தேய்த்தாயே என்றாள். எனக்கு அது மறந்தே போயிருந்தது. கெட்டது செய்தவர்கள் விஷயத்தில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே மெனக்கெடுவாள்.

விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக்கடை. ஜிம்மில் சேர்ந்த புதிதில், உடம்பை இழுத்துப் பிடிக்கிற உடற்பயிற்சி பேன்ட் வாங்க அங்கே போயிருக்கிறாள். விற்பனை செய்கிறவன் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உங்களுக்கு இங்கே எதுவும் இருக்காதுக்கா, பேஜாரு பண்ணாதீங்க, மாடியில் நைட்டி இருக்கு, பாருங்க என்று சொல்லியிருக்கிறான். சரிப்பா என்று வந்துவிட்டாள். ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து, உடம்பெல்லாம் வற்றி ஆளே மாறிய பிறகு, துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு அதே கடைக்குப் போனாள். அதே ஆள்தான் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு இவளை அடையாளம் தெரியவில்லை. ரொம்ப மரியாதையாக உட்காரச் சொன்னான்.

இருக்கிற அளவு எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னாள். கறுப்பு, நீலம், கோடு போட்டது, போடாதது என்று அலமாரி முழுக்கக் கீழே இறங்கியது. ஒவ்வொன்றையும் விரித்து இடுப்பில் வைத்துப் பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அந்த ஆளுக்கு வியர்த்துவிட்டது. கடைசியில் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்.

"ஒங்க கடைல எனக்கு எதுவும் இருக்காதுப்பா. ரொம்ப பேஜாரு பண்ணிட்டேன்."

அவன் ஒன்றும் புரியாமல் அந்தத் துணிக்குவியலுக்கு நடுவே நின்றான். பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது நான் கேட்டேன். அவனுக்குத்தான் உங்களை ஞாபகமே இல்லையே அக்கா, இதில் என்ன பிரயோஜனம்? அவள் ஒரு சோடா வாங்கி எனக்குப் பாதி கொடுத்துவிட்டு, அவனுக்கு இல்லாவிட்டால் என்ன, எனக்கு இருக்கிறதே என்றாள். அன்றைக்கு அந்தப் பதில் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

இவ்வளவுக்கும் காரணம் பெரிய அக்காவின் புதுமனைப் புகுவிழா. விழுப்புரத்தில் பெரிய மாமா மாடி வைத்து வீடு கட்டியிருந்தார். அப்போது நடு அக்கா நல்ல பருமன். இரண்டு கரு கலைந்து, மருந்து மாத்திரை சாப்பிட்டு ஊதிப்போன உடம்பு. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும், பெரிய அக்காவுக்கும் தெரியும். மொட்டைமாடியில் பந்தி. பனமலையிலிருந்தும் கண்டாச்சிபுரத்திலிருந்தும் சொந்தமெல்லாம் வந்து உட்கார்ந்திருந்தது. பெரிய அக்கா புதுப் பட்டில் பந்தியை மேற்பார்வை பார்த்துக்கொண்டே வந்தவள், நடு அக்காவின் முன்னால் நின்றாள். இலை போடுகிறவரைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"அவளுக்கு ஒரு எல பத்தாதுப்பா. பக்கத்துல இன்னொன்ன சேத்துப் போடு."

அந்த மனுஷருக்கு விளையாட்டென்று தெரியவில்லை. நிஜமாகவே இன்னொரு இலையைச் சேர்த்துப் போட்டுவிட்டார். பந்தியே சிரித்தது. நடு மாமாவும், தாலி கட்டிய புருஷன், வாயில் வைத்த வடையோடு சிரித்தார். எனக்கு அந்த இடத்திலேயே பெரிய அக்காவின் கொண்டையைப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது. நடு அக்கா எழுந்திருக்கவில்லை, அழவுமில்லை. நிதானமாகச் சாப்பிட்டு முடித்து, இலையை வெளிப்பக்கமாக மூடினாள். எங்கள் பக்கத்தில் சாவு வீட்டில்தான் அப்படி மூடுவார்கள். அதைப் பார்த்தது நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

ஒரு வீட்டோடு உறவு முறிந்துவிட்டது என்பதற்கு, அந்த வீட்டில் இனிமேல் கை நனைக்க மாட்டேன் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகாமலே இருந்துவிடுவார்கள். நடு அக்கா அப்படிச் செய்யவில்லை. போகாமல் இருந்தால் நாலு நாளில் மறந்துவிடுவார்கள், போய் உட்கார்ந்து கை நனைக்காமல் வந்தால்தான் உறுத்தும் என்று என்னிடம் மட்டும் சொன்னாள். இப்படி ஒரு யோசனை என் ஏழேழு ஜென்மத்துக்கும் வந்திருக்காது.

அப்படித்தான் சாலட் எங்கள் குடும்பத்துக்குள் நுழைந்தது. திண்டிவனத்தில் மருந்துக்கடை மாடியில் ஒரு ஜிம் இருந்தது. முற்பகலில் பெண்களுக்கு மட்டும். அதில் சேர்ந்தாள். உடம்பை வடிவாகக் காட்டும் என்று விளம்பரம் போட்டிருந்ததைப் பார்த்து போனில் ஒரு உள்ளுடையும் வரவழைத்தாள். மார்புக்குக் கீழிருந்து தொடை வரைக்கும் இறுக்கிப் பிடிக்கிற சமாச்சாரம். அதை முதல் தடவை அவளுக்குப் போட்டுவிட நானும் சேர்ந்து இழுத்தேன். இருவரும் சிரித்துச் சிரித்துக் கட்டிலில் விழுந்தோம். அதைச் சேலைக்குள் போட்டுக்கொண்டு விழுப்புரம் பஸ்ஸில் நின்றவள் கூட்டேரிப்பட்டு தாண்டுவதற்குள் மூச்சு முட்டி இறங்கிவிட்டாள். மறுநாளே அதைக் கத்தரித்துக் கைப்பிடித் துணியாக்கிவிட்டாள். பிறகு வாங்கியதெல்லாம் நல்ல ஜிம் உடுப்பு. ஒல்லியாகக் காட்டுவதற்காக அதைப் போடுவதில்லை, ஓடும்போதும் குனியும்போதும் உடம்பு ஆடாமல் இருக்கத்தான் என்று எனக்கு விளக்குவாள். அந்தக் கறுப்பு பேன்ட் உடம்பிலிருந்து கழற்றினால் சுருங்கிச் சின்னதாகிவிடும். கொடியில் காய்வதைப் பார்த்துவிட்டு எங்கள் மாமியார், இது எந்தக் குழந்தையுடையது என்று கேட்டாள்.

சாலட் ஒன்றும் பெரிய வித்தையில்லை. வெள்ளரி, தக்காளி, வெங்காயம், முளைகட்டிய பயறு, வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காலத்துக்கு மாங்காய். எலுமிச்சை பிழிவாள். உப்பை மட்டும் முன்னால் சேர்க்க மாட்டாள், வெள்ளரி தண்ணீர் விட்டுவிடும் என்று. மிளகும் உப்பும் ஒரு சின்னப் பொட்டலமாகப் பைக்குள் இருக்கும். எதையும் அவள் பொடிப்பொடியாக நறுக்கிப் பார்த்ததில்லை. கடித்தால் சத்தம் வரவேண்டும் என்பாள்.

பெரிய அக்கா வீட்டு விசேஷம் ஒன்று விடாமல் போனாள். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பெரிய மாமாவின் அறுபதாம் கல்யாணம். முதல் பந்தியில் நடுவில் உட்காருவாள். இலை போட விடுவாள். இலையில் தண்ணீர் தெளிக்க மாட்டாள். வெறும் இலையின் மேல் தன் எவர்சில்வர் டப்பாவை வைத்துத் திறந்து, உப்பைத் தூவி, முள்கரண்டியால் குத்திக் குத்திச் சாப்பிடுவாள். கையில் ஒரு சொட்டு ஈரம் படாது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவவும் போகமாட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் கடிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் சாம்பார் சாதம் பிசைவேன். ஒவ்வொரு சத்தமும் பெரிய அக்காவின் காதில் போய் விழுகிறது என்று நம்பினேன். என்னையும் பெரிய அக்கா சும்மா விட்டதில்லை. நிறத்தைச் சொல்வாள், பிறந்தவீட்டுச் சீரைச் சொல்வாள். நடு அக்காவின் டப்பா எனக்கும் சேர்த்துத்தான் என்று சந்தோஷப்பட்டேன்.

நடு மாமாவுக்கும் தனியாக ஒரு கணக்கு இருந்தது. அவர் சிரித்த தினம் வியாழக்கிழமை. அதிலிருந்து வியாழக்கிழமை சாயங்காலம் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அவருக்கும் ஒரு கிண்ணம் வெள்ளரிக்காய்தான். அந்த மனுஷர் அதை ஏதோ விரதம் என்று எடுத்துக்கொண்டார். என் சம்சாரத்துக்கு வியாழக்கிழமை சாமி விஷயத்தில் ரொம்ப நம்பிக்கை என்று தெருவில் சொல்லிக்கொண்டு, நெற்றியில் விபூதியும் பூச ஆரம்பித்தார். அதைக் கேட்டு நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பெரிய அக்காவின் மகளுக்குக் கண்டாச்சிபுரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. சொந்த நிலம், போர் தண்ணீர், நல்ல குடும்பம். பெண் கொஞ்சம் பூசினாற்போல் இருப்பாள். கல்யாணத்துக்குள் இவளை உன்னை மாதிரி ஆக்கி அனுப்பு என்று பெரிய அக்கா அவளைத் திண்டிவனத்துக்குக் கூட்டிவந்து நடு அக்கா வீட்டில் விட்டாள். எதிரி தானாக வந்து கழுத்தை நீட்டுகிறாள் என்று எனக்கு ஒரே குஷி. ஆனால் நடு அக்கா அந்தப் பெண்ணிடம் ஒரு சுடுசொல் சொல்லவில்லை. அம்மா வாங்கிக்கொடுத்ததென்று அந்தப் பெண் பையிலிருந்து எடுத்த இறுக்கு உடுப்பைப் பார்த்து, இதைப் போட்டுக்கொண்டு கழுத்தை நீட்டினால் தாலி கட்டுவதற்குள் மயக்கம் வந்துவிடும் என்று சொல்லித் தூக்கி ஓரமாகப் போட்டாள். தன் காசில் அளவு சரியாக ஒன்று வாங்கிக்கொடுத்தாள். இருவரும் காலையில் கைகோத்துக்கொண்டு ஜிம்முக்குப் போவார்கள், வந்து ஒரே கிண்ணத்தில் சாப்பிடுவார்கள். சாப்பிடும்போது அந்தப் பெண் அடிக்கடி நிமிர்ந்து நிமிர்ந்து பார்ப்பாள். வீட்டில் அம்மா, போதும் எழுந்திரு என்று சொல்லிச் சொல்லி வந்த பழக்கம். ஒருநாள் அவள் சித்தியிடம், என் கல்யாணத்திலாவது டப்பா இல்லாமல் வந்து சாப்பிடுங்கள் என்று கேட்டாள். நடு அக்கா கிண்ணத்தில் மிச்சமிருந்த வெள்ளரியை அவள் பக்கம் தள்ளினாள்.

நிச்சயதார்த்தம் விழுப்புரத்தில் ஒரு மண்டபத்தில். தட்டு மாற்றி முடித்து முதல் பந்தி. மாப்பிள்ளையின் அம்மா நடுவில், ஒரு பக்கம் நடு அக்கா, அவளுக்குப் பக்கத்தில் நான். நடு அக்கா டப்பாவை எடுத்து இலையில் வைத்தாள். வெளியாள் எதிரில் இன்றைக்குப் பெரிய அக்காவின் மானம் போகப்போகிறது என்று நான் காத்திருந்தேன். அப்போது பெரிய அக்கா ஒரு பீங்கான் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். வெள்ளரி, கேரட், மாதுளை, முளைகட்டிய பயறு. அதை நடு அக்காவின் இலையில் வைத்தாள்.

"ஒனக்குன்னே சமையல்காரர்கிட்ட சொல்லி பண்ண வெச்சேன். பாவம், எங்க போனாலும் டப்பாவத் தூக்கிக்கினு வர்ற." பிறகு சம்பந்தியம்மாவிடம் பெருமையாகத் திரும்பினாள். "எங்க ஊட்டு நடு மருமவ. டயட்டுல அவ்ளோ கட்டுப்பாடு. எங்க பொண்ணையே அவதான் தேத்தி வுட்டா."

சம்பந்தியம்மா கன்னத்தில் கைவைத்து ஆச்சரியப்பட்டாள். தன் மருமகளுக்கு இப்படி ஒரு சித்தி கிடைத்தது அதிர்ஷ்டம் என்றாள்.

இத்தனை வருஷம், இத்தனை பந்தி. ஒரு மனுஷிக்குக்கூட அது உறைக்கவில்லை. ஒல்லியாகிக்கொண்டே வந்தவள் டப்பாவோடு வந்தால் யார்தான் அதைப் பகை என்று நினைப்பார்கள்? டயட் என்றுதான் நினைத்திருக்கிறார்கள். பாராட்டிக்கொண்டு வேறு இருந்திருக்கிறார்கள். நடு அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். முள்கரண்டியை டப்பாவுக்குள் வைத்து மூடினாள். அந்தக் கிண்ணத்தையும் தொடவில்லை, தன்னுடையதையும் சாப்பிடவில்லை. எதிர் வரிசையில் கல்யாணப் பெண் இவளையே பார்த்துக்கொண்டிருந்ததால்தான் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள் என்று எனக்குத் தெரியும்.

பந்தி எழுந்ததும், டப்பா கொண்டுவர ஆரம்பித்த பிறகு முதல் தடவையாக, கை கழுவுமிடத்துக்குப் போனாள். பெரிய அக்கா குழாயடியில் நின்றுகொண்டிருந்தாள். வேறு யாருமில்லை. நான் பின்னாலேயே ஓடினேன்.

"அக்கா, நான் ஏன் ஒங்க ஊட்ல கை நனைக்கறதில்லன்னு தெரியுமா?"

"தெரியுமே. டயட்டுதான?"

"புது ஊட்டுக்குப் பால் காச்சனீங்களே, அன்னிக்கி பந்தில என்னப் பாத்து இன்னா சொன்னீங்க?"

பெரிய அக்கா நிஜமாகவே யோசித்தாள். நடிக்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நல்லா சாப்பிடு என்று சொல்லியிருப்பேன் என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீ சொல்லுடி, நான் எதுனா சொன்னனா?" என்று கேட்டாள். எப்போதும் அவளுக்குச் சாதகமாகத் தலையாட்டுகிறவள் நான்தான்.

பெரிய அக்காவிடம் எதிர்த்துப் பேசிவிட்டு நிம்மதியாக இருந்தவர்கள் எங்கள் வீட்டில் கிடையாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். நடு அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சொன்னீங்கக்கா," என்றேன். "அவளுக்கு ஒரு எல பத்தாது, பக்கத்துல இன்னொன்ன சேத்துப் போடுன்னு சொன்னீங்க. போட்டுட்டாங்க. அத்தினி பேரும் சிரிச்சாங்க. அவுங்களுக்கு ரெண்டாவதும் கலைஞ்சி மூணு மாசங்கூட ஆவல."

பெரிய அக்காவின் முகம் மெதுவாக மாறியது. ஞாபகம் வந்துவிட்டது என்று தெரிந்தது. சட்டென்று நடு அக்காவின் கையைத் தன் ஈரக்கையால் பிடித்துக்கொண்டு, சிரிப்புக்குச் சொல்லியிருப்பேன், மனசில் வைத்துக்கொள்ளாதே, மன்னித்துவிடு என்று மளமளவென்று சொன்னாள். கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள். இவ்வளவு சுலபமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நடு அக்கா கையை உருவிக்கொண்டு, அந்த ஈரத்தை முந்தானையில் துடைத்தாள்.

"மன்னிப்பு கேக்கச் சொல்லி நான் வர்லக்கா. இனிமே மறக்காம இருங்க. அது போதும்."

முகூர்த்தம் ஆவணியில் வந்தது. பெண் வீட்டுச் சாப்பாடு, பெரிய அக்காதான் முன்னின்று பார்த்துக்கொண்டாள். நடு அக்கா மண்டபத்துக்குள் வந்தபோது கையில் பையில்லை, டப்பா இல்லை. என் மனசு அப்படியே உட்கார்ந்துவிட்டது. அந்தப் பெண் கேட்டுக்கொண்டதற்காக இறங்கி வந்துவிட்டாள், இனிமேல் எல்லாம் சமாதானம், குடும்பப் படத்தில் எல்லோரும் சேர்ந்து நிற்போம் என்று நினைத்தேன். எனக்கு ஏமாற்றத்தில் அழுகையே வந்தது.

அவள் முதல் பந்தியில் உட்கார்ந்தாள். இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தாள். சாதத்தில் குழி பறித்து, சாம்பாரை வாங்கி, விரலெல்லாம் படப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள். மணமேடையிலிருந்து அந்தப் பெண் பார்த்துவிட்டுச் சிரித்தாள். பெரிய அக்கா மலர்ந்த முகத்தோடு விறுவிறுவென்று எங்களை நோக்கி வந்தாள். விருந்து கொடுக்கிறவள் பந்தியில் சொல்ல ஒரே வார்த்தைதான் உண்டு. நல்லா சாப்பிடு, இன்னும் கொஞ்சம் வெச்சிக்கோ. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். நடு அக்காவின் இலை முன்னால் நின்றவுடன் அது தொண்டையிலேயே நின்றுவிட்டது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இனிமேல் இவள் இலைக்கு முன்னால் நின்று இன்னும் கொஞ்சம் என்று சொல்ல வாயெடுத்தால், பெரிய அக்காவுக்கு அந்த இரண்டாவது இலைதான் ஞாபகத்துக்கு வரும்.

நடு அக்கா வத்தக்குழம்புக்குச் சாதம் கேட்டாள். ரசத்துக்குக் கேட்டாள். அவளே பரிமாறுகிறவர்களைக் கூப்பிட்டு அப்பளம் கேட்டாள், பாயசம் கேட்டாள். அவள் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, பெரிய அக்கா பேசவும் முடியாமல் நகரவும் முடியாமல் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டு அங்கேயே நின்றாள். இரண்டு இலை தள்ளி இருந்த சம்பந்தியம்மாவுக்கு அது விநோதமாகப் பட்டிருக்கவேண்டும்.

"இன்னா சம்பந்தி, எங்கள எல்லாம் சாப்புடு சாப்புடுன்னு தொரத்தறீங்க. ஒங்க ஓரகத்திய மட்டும் கவனிக்கவே மாட்டேன்றீங்க? இன்னும் கொஞ்சம் போடச் சொல்லுங்க."

பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நடு அக்கா பிசைந்த கையை இலையிலேயே நிறுத்தி, தலையை நிமிர்த்தினாள். குரலில் அவ்வளவு மரியாதை.

"சொல்லுங்கக்கா."

பெரிய அக்காவின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. நடு அக்கா காத்திருந்தாள், எந்த அவசரமும் இல்லாமல். கடைசியில் பெரிய அக்கா, அடுத்த பந்திக்கு இலை வந்துவிட்டதா என்று பார்க்கவேண்டும் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு உள்ளே போனாள். எங்கள் பந்தி முடிகிற வரைக்கும் வெளியே வரவில்லை.

நடு அக்கா குனிந்து மிச்சத்தைச் சாப்பிட்டாள். நான் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு எனக்கும் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றச் சொன்னேன்.